சொல்லியாயிற்று, விளங்கிற்றா?



மருத்துவமனையை விட்டுப் போகிற ஒவ்வொரு நோயாளியின் கையிலும் மருந்தைக் கொடுக்கிறோம், சீட்டைக் கொடுக்கிறோம், கூடவே சில வார்த்தைகளையும் சொல்லி அனுப்புகிறோம். மருந்தையும் அதற்கு ஆகும் செலவையும் குறித்து நாம் நிறையப் பேசுவதுண்டு. வார்த்தைகளைக் குறித்துப் பேசுவது குறைவு. ஆனால் வீட்டுக்குப் போன பிறகு அந்த மருந்து வேலை செய்யுமா, வீணாகுமா, சில வேளைகளில் கெடுதியே செய்யுமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த வார்த்தைகள்தான். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் கிராமக் கிளினிக்குகளிலும் பணியாற்றுகிற செவிலியர், மருந்தாளுநர், சீட்டு எழுதுகிறவர் ஆகியோரை, நோயாளிக்கு விளங்கும்படி பேசப் பழக்குவது எப்படி என்பதே இம்முறை நம்முடைய பாடம்.

மருத்துவ உலகில் இதற்கு 'ஹெல்த் லிட்டரசி' என்று பெயர். நாம் சுகாதார எழுத்தறிவு என்று சொல்லலாம். பெயரில் எழுத்து இருந்தாலும் இது வெறும் எழுத்துக்கூட்டி வாசிக்கிற திறமை அல்ல. தன் உடல்நலத்தைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கேட்டு, புரிந்து, தன் வீட்டிலும் தன் வேலையிலும் அதை நடத்திக் காட்டுகிற திறமை. கைநாட்டு வைக்கிற பாட்டி ஒருவர் தன் இன்சுலின் ஊசியைப் பிசகாமல் போட்டுக்கொள்ளக்கூடும். பட்டம் பெற்ற ஒருவர் இரத்த அழுத்த மாத்திரையை 'ஒரு மாதக் கோர்ஸ் முடிந்துவிட்டது' என்று நிறுத்திவிடக்கூடும். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எழுத்தறிவு சுமார் 80 சதவீதம். அந்த 80 சதவீதத்தினருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

இதற்கு ஓர் ஆய்வைச் சான்றாகக் காட்டலாம். அமெரிக்காவில் மூன்று ஊர்களிலுள்ள ஆரம்ப மருத்துவக் கிளினிக்குகளில் 395 நோயாளிகளிடம் மருந்துப் புட்டிகளைக் கொடுத்து, மேலே ஒட்டியிருக்கும் குறிப்பை விளக்கச் சொன்னார்கள். ஆய்வு 2006இல் வெளிவந்தது. ஒரு புட்டியில், நாளைக்கு இரு வேளை, வேளைக்கு இரண்டு மாத்திரை என்று எழுதியிருந்தது. வாசிப்புத் திறன் குறைந்தவர்களில் சுமார் 71 சதவீதம் பேர் அதைச் சரியாகவே திருப்பிச் சொன்னார்கள். "அப்படியானால் ஒரு நாளைக்கு எத்தனை மாத்திரை? எண்ணிக் காட்டுங்கள்" என்றபோது நான்கை எண்ணி வைத்தவர்கள் சுமார் 35 சதவீதம் பேரே. சொல்ல முடிந்தவர்களில் பாதிப் பேரால் செய்ய முடியவில்லை. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் முழுவதும் இவற்றைச் சுற்றியே போகிறது.

நம் ஊர்ச் சீட்டில் "1-0-1" என்று இருக்கும். எழுதியவருக்கு அது காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று. எழுதப் பழகாத கண்ணுக்கு அது நூற்றொன்று. "மூன்று வேளை சாப்பாட்டுக்குப் பின்" என்கிறோம். இரண்டு வேளை மட்டும் சாப்பிடுகிற வீட்டில் அது இரண்டு வேளையாகிவிடுகிறது. "வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும்" என்றால், டீ குடித்துவிட்டு வந்து "ஒன்றும் சாப்பிடவில்லைங்க" என்று உண்மையாகவே சொல்லுவார்கள், ஏனென்றால் டீ சாப்பாடு அல்லவே! பரிசோதனை முடிவு "பாசிட்டிவ்" என்றதும் நல்ல செய்தி என்று முகம் மலர்ந்தவர்கள் உண்டு. "ஒரு ஸ்பூன்" என்பது மருந்தாளுநருக்கு 5 மில்லி. அடுப்பங்கரையிலோ ஸ்பூன் நான்கு அளவில் கிடக்கிறது. பாரசிட்டமால் சிரப் 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ளதும் விற்கிறது, 250 உள்ளதும் விற்கிறது. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து அதைவிடச் செறிவு. அண்ணனுக்குக் கொடுத்த அளவையே தம்பிக்கு வேறு புட்டியிலிருந்து ஊற்றினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

இவற்றுள் சர்க்கரை மாத்திரை விஷயம் தனியாகக் கவனிக்கத் தக்கது. கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிற மாத்திரைகள் உண்டு. "சாப்பாட்டுக்கு முன்" என்று சொல்லிக் கொடுக்கிறோம். சாப்பாடு எத்தனை நிமிடத்தில் வரும் என்று நாம் கேட்பதில்லை. காலை ஆறு மணிக்கு மாத்திரையை விழுங்கிவிட்டு நூறு நாள் வேலைக்கோ களையெடுக்கவோ போய், பத்து மணிக்குக் கஞ்சி குடிக்கிற தாயாருக்கு நடுவில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, வரப்பிலே விழுந்தால், அது மருந்தின் குற்றமும் அல்ல, அவருடைய குற்றமும் அல்ல. அவர் சொன்னதைச் சொன்னபடியே செய்தவர். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேர் என்று மதிப்பிட்டது. அத்தனை வீடுகளிலும் இந்த "முன்" என்ற சொல்லுக்கு ஒரு நேரம் குறித்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

ஆகவே பணியாளர்களை எப்படிப் பழக்குவது? இந்தக் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த விடை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து வரவில்லை. வங்காளதேசத்துக் கிராமங்களிலிருந்து வந்தது.

1971இல் விடுதலைப் போரின்போது மேற்கு வங்காளத்தின் போன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. சிரைவழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. டாக்டர் திலீப் மஹலநாபிஸ் குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடா ஆகியவற்றைப் பொட்டலமாகக் கட்டி, தண்ணீரில் கரைத்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி வைத்தார். நோயாளிக்கு அதைக் குடிக்கக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. சுமார் 30 சதவீதமாக இருந்த சாவு விகிதம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. தாயும் தமக்கையும் மருத்துவப் பணியாளர் செய்கிற வேலையைச் செய்ய முடியும் என்பது அங்கே தெரிந்தது.

முகாமில் முடிந்ததை வீடுவீடாகச் செய்ய முடியுமா? வங்காளதேசத்தின் 'பிராக்' அமைப்பு 1980இல் அதைத் தொடங்கியது. பொட்டலம் வாங்கக் கடையோ காசோ இல்லாத கிராமங்கள். எனவே, மூன்று விரல்களால் எடுக்கிற ஒரு சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று வீட்டில் இருப்பதைக் கொண்டே அளவு வகுத்தார்கள். பயிற்சி பெற்ற பெண்கள் ஒவ்வொரு வீடாகப் போய்த் தாய்மாருடன் உட்கார்ந்து, பேசி, கலக்கிக் காட்டி, அவர்களையும் கலக்க வைத்தார்கள். பத்து ஆண்டுகளில், 1990க்குள், ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் வீடுகள்.

எண்ணிக்கையைவிட என்னைக் கவர்ந்தது அவர்கள் சம்பளம் கொடுத்த முறை. எத்தனை வீடுகளுக்குப் போனாய் என்று கேட்டுக் கூலி கொடுக்கவில்லை. சில வாரங்கள் கழித்து வேறொருவர் போய், சில வீடுகளைத் தற்செயலாகத் தேர்ந்தெடுத்து, அந்தத் தாயை மறுபடியும் கேட்பார்: நினைவில் இருப்பது என்ன? கலக்கிக் காட்டுங்கள். தாய் கலக்கிய கரைசலை ஆய்வுக்கூடத்தில் சோதித்ததும் உண்டு. தாய்க்கு எவ்வளவு தெரிகிறதோ அதற்கேற்றபடி பணியாளருக்கு ஊதியம். இதன் விளைவு என்ன தெரியுமா? பாடம் தானாகவே சுருங்கியது. தொடக்கத்தில் தாய்மார் நினைவில் வைக்க வேண்டியவை என்று பத்துக் குறிப்புகள் இருந்தன. பின்னாளில் அது ஏழாயிற்று. மாணவர் தேறினால்தான் ஆசிரியருக்குச் சம்பளம் என்றால், தேவையற்ற பாடங்கள் எத்தனை சீக்கிரம் கழன்று விழுகின்றன! (நம்முடைய இறையியல் கல்லூரிகளில் இந்த முறை இருந்திருந்தால் சில பேராசிரியர்கள் பட்டினி கிடந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.)

அத்துடன் கதை முடியவில்லை. தாய்மாருக்குத் தெரிந்தது, கலக்கவும் வந்தது. ஆனால் பிள்ளைக்குப் பேதி வந்தபோது அதைக் கொடுத்தவர்கள் மிகச் சிலரே. ஏன் என்று விசாரிக்க ஆள் அனுப்பினார்கள். வந்த பதில் நிர்வாகிகளைத் திகைக்க வைத்தது: கற்றுக்கொடுத்த பணியாளர்களில் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை. தங்களுக்குப் பேதி வந்தால் கடை மருந்தையே தேடினார்கள். ஆகவே அவர்களை டாக்காவிலிருந்த வயிற்றுப்போக்கு ஆராய்ச்சி மையத்துக்கு அழைத்துப் போய், உடலிலிருந்து நீர் வற்றுவதும் உப்பும் வெல்லமும் கலந்த நீர் அதை மீட்பதும் எப்படி என்று காட்டினார்கள். இன்னொரு பதிலும் கிடைத்தது. வீட்டு ஆண்களிடம் யாருமே பேசவில்லை என்பது அது. பிறகு சந்தையிலும் பள்ளிவாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஆண்களோடு பேசத் தொடங்கினார்கள். பயன்பாடு அதற்குப் பின்னரே ஏறியது.

இந்த வரலாற்றை நம் செவிலியர் பயிற்சிக்குக் கொண்டுவந்து பார்ப்போம். பணியாளருக்கே விளங்காததை, அவரே நம்பாததை, அவர் நோயாளிக்கு விளக்க முடியாது. மருத்துவர் ஆங்கிலத்தில் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறார், "புரிந்ததா சிஸ்டர்?" என்றால் "புரிந்தது டாக்டர்" என்கிறார் சிஸ்டர். அதே சிஸ்டர் அரை மணி கழித்து நோயாளியிடம் "புரிந்ததாம்மா?" என்று கேட்கிறார். "புரிஞ்சுதுங்க" என்று அம்மாவும் தலையாட்டுகிறார். இரண்டும் ஒரே தலையாட்டல்தான். "டாக்டர், இது எனக்கு விளங்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்" என்று கேட்கிற தைரியம் செவிலியருக்கு இல்லாத கிளினிக்கில், அந்தத் தைரியத்தை நோயாளியிடம் எதிர்பார்ப்பது நியாயமல்ல. எனவே பயிற்சி மருத்துவரிடமிருந்தே தொடங்க வேண்டும். மருத்துவர்கள் இந்த வகுப்புக்கு வர நேரமில்லை என்பார்கள். அவர்கள் வராத வகுப்பை நடத்துவதில் பயன் குறைவு என்பது என் எண்ணம்.

முதல் மணி நேரத்தில் நான் பரிந்துரைக்கிற ஒரு சிறு பயிற்சி: பணியாளர்களுக்குத் தெரியாத ஒரு மொழியில் அச்சிட்ட மருந்துத் தாளைக் கையில் கொடுத்து, இரண்டு வயதுப் பிள்ளைக்கு அளவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒருவர் நின்று "சீக்கிரம், சீக்கிரம், பின்னால் ஆள் நிற்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். ஐந்து நிமிடம் போதும். எழுதப் படிக்கத் தெரியாதவர் ஏன் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லுகிறார், ஏன் "பையன் வந்து படிப்பான்" என்று தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொள்ளுகிறார் என்பது பிரசங்கம் இல்லாமலே விளங்கிவிடும்.

அடுத்து, திருப்பிச் சொல்ல வைத்தல். இதுதான் பயிற்சியின் நெஞ்சம். சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பொது மருத்துவமனையில் நீரிழிவு நோயாளிகளோடு மருத்துவர்கள் பேசுவதைப் பதிவு செய்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருத்துவர்கள் புதிதாகச் சொன்ன விஷயங்கள் நூற்றில் 12 மட்டுமே, நோயாளிக்கு விளங்கியதா என்று சோதிக்கப்பட்டன. அப்படிச் சோதித்த மருத்துவர்களின் நோயாளிகளுக்குச் சர்க்கரை நல்ல கட்டுப்பாட்டில் இருந்ததையும் கண்டார்கள். கேட்பதற்கு எளிது, செய்வதற்கு நம் தமிழில் ஒரு சங்கடம் உண்டு. "எங்கே, நான் சொன்னதைச் சொல்லு பார்ப்போம்" என்றால் அது வாத்தியார் குரல். அறுபது வயதுப் பெரியவர் அதைக் கேட்டு முகம் சுளிப்பார். அல்லது இன்னும் மோசமாக, பயந்துபோய்ச் சிரிப்பார். ஆகவே வாக்கியத்தையே மாற்றிப் பழக்க வேண்டும். "நான் சரியாகச் சொன்னேனா என்று எனக்குத் தெரிய வேண்டும் அய்யா. வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்பார்களே, இந்த வெள்ளை மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று? என்ன சொல்லுவீர்கள்?" இங்கே சோதிக்கப்படுவது பெரியவர் அல்ல, செவிலியரின் பேச்சு. பதில் தவறாக வந்தால் அதே வார்த்தைகளைச் சத்தமாகத் திருப்பிச் சொல்லுவது வழக்கம், அது கூடாது. வேறு வார்த்தையில் சொல்லி, மறுபடியும் கேட்க வேண்டும்.

பாட்டிக்கு மாத்திரையை எண்ணி உள்ளங்கையில் வைத்துக் காட்டச் சொல்லலாம். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஒரு லிட்டருக்கு உரியது; ஆனால் ஒரு டம்ளரில் கொஞ்சம், மறுபடி கொஞ்சம் என்று கலக்குகிற தாய்மார் ஏராளம். "உங்கள் வீட்டில் ஒரு லிட்டர் எதில் அளப்பீர்கள்?" என்று கேட்டு, தண்ணீர்ப் பாட்டிலா சொம்பா என்று தெரிந்துகொண்டபின் பேச வேண்டும். சிரப்போடு வருகிற சிறு மூடியில் பேனாவால் ஒரு கோடு போட்டுக் கொடுப்பதற்கு ஆகும் செலவு ஒன்றுமில்லை.

நேரம் எங்கே இருக்கிறது என்று மருந்தாளுநர் கேட்பார். நியாயமான கேள்வி. ஜன்னலுக்கு வெளியே வரிசை நிற்கிறது. எல்லாருக்கும் எல்லாவற்றையும் கேட்க வேண்டியதில்லை. முதல் முறையாக மருந்து வாங்குகிறவர், மாத்திரை மாறியவர், இன்சுலின், வலிப்பு மருந்து, இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து வாங்குகிறவர்: இவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும். மாத்திரையின் நிறம் மாறுவது சிறு காரியமல்ல. ஒரே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வரும்போது நிறமும் வடிவமும் மாறிவிடுகிறது. பழையதும் புதியதும் வெவ்வேறு மருந்து என்று எண்ணி இரண்டையும் சேர்த்து விழுங்குகிறவர்கள் உண்டு. "நிறம்தான் வேறு, மருந்து அதே. பழையது மீதி இருந்தால் அதை முடித்துவிட்டு இதைத் தொடங்குங்கள்" என்று சொல்ல அரை நிமிடம் ஆகாது.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்கள் சானடோரியத்தில் தங்கியவர்களுக்கு ஏறக்குறைய இணையாகக் குணமடைந்ததை உலகத்துக்குக் காட்டியது. அன்று முதல் வைத்தியம் வீட்டுக்கு இடம் மாறிக்கொண்டே வருகிறது. தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021இல் தொடங்கி, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மாத்திரைகளை வாசலுக்கே கொண்டு செல்லுகிறது. மருந்து வாசலுக்குப் போகும்போது விளக்கமும் கூடப் போக வேண்டும். இல்லாவிட்டால் போனது பாதிதான். இரண்டாம் மாதத்தில் இருமல் நின்றதும் காசநோய் மாத்திரையை நிறுத்திவிடுகிறவருக்கு, மீதி நான்கு மாதம் எதற்கு என்று அவர் பாஷையில் சொல்ல அங்கே ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவர் படித்தவராகத்தான் இருக்க வேண்டுமா? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த டாக்டர் ரஜனிகாந்த் அரோலேயும் டாக்டர் மேபல் அரோலேயும் 1970இல் மகாராஷ்டிராவின் ஜாம்கேடில் பணி தொடங்கினார்கள். கிராம சுகாதாரப் பணியாளர்களாக அவர்கள் பழக்கிய பெண்களில் பலர் எழுத்தறியாதவர்கள். அண்டை வீட்டுக்காரிக்கு எந்த வார்த்தை எட்டும், எது எட்டாது என்பது அந்தப் பெண்களுக்கு நம் எல்லாரையும்விட நன்றாகத் தெரிந்திருந்தது. 1979இல் அரோலே தம்பதியருக்கு மகசேசே விருது கிடைத்தது.

வேதத்தில் நெகேமியா எட்டாம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசித்துப் பாருங்கள். எஸ்றா மர மேடையில் நின்று நியாயப்பிரமாணத்தை வாசிக்கிறார். ஜனங்களுக்கு அதை விளங்கவைக்கப் பதின்மூன்று பேரின் பெயர்கள் தனியே குறிக்கப்பட்டு, அவர்களோடு லேவியரும் சொல்லப்படுகிறார்கள். வாசித்தவருக்கு ஒரு பெயர், விளங்கவைத்தவர்களுக்குப் பதின்மூன்று. நம்முடைய மருத்துவமனைகளின் சம்பளப் பட்டியலில் இந்தக் கணக்கு தலைகீழாக இருக்கிறது.

ஆதரவாளர்களாகிய உங்களுக்கும் இதில் ஒரு வேலை உண்டு. எந்த நிறுவனத்திலிருந்து அறிக்கை வந்தாலும், "இவ்வாண்டு இத்தனை ஆயிரம் பேருக்குச் சுகாதாரக் கல்வி அளிக்கப்பட்டது" என்ற வரியை வாசித்தவுடன் திருப்தியாகிவிடாதீர்கள். அளித்தவர்கள் எண்ணியது தங்கள் வாயை. கேட்டவர்களில் எத்தனை பேர் செய்து காட்டினார்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் சொல்ல முடியாமல் விழித்தால் கோபிக்க வேண்டாம். அப்படி எண்ணிப் பார்ப்பதற்குப் பணம் கேட்க அவர்களுக்குத் தயக்கம். ஸ்கேன் இயந்திரத்தைப் படம் எடுத்துப் போடலாம். கட்டடத்தில் பெயர்க்கல் பதிக்கலாம். ஒரு செவிலியர் டவுன் பஸ்ஸில் ஏறிப் போய், ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, ஆணியில் தொங்குகிற மஞ்சள் பையை இறக்கி, அதிலுள்ள மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் பரப்பி, "இது எதற்கும்மா, இதை எப்போது சாப்பிடுவீர்கள்?" என்று கேட்பதைப் படம் எடுத்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது.

அந்தப் பையில் காலாவதியான அட்டை இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் "எனக்குக் கேட்டது, நீயும் சாப்பிடு" என்று கொடுத்தது இருக்கும். ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கும். பயிற்சி முடிந்த ஒவ்வொரு பணியாளரும் மாதம் ஒரு நாள் இப்படிப் பத்து வீடுகளுக்குப் போய்வந்து, கண்டதை மற்றவர்கள் முன்னிலையில் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அடுத்த மாதப் பாடத்தை அந்தப் பைகளே எழுதிக்கொடுக்கும். இதற்கு ஆகிற செலவு பஸ் கட்டணமும் ஒரு நாள் சம்பளமும்.